மலையில் தொலைதூரம் சுடும்போது காற்றைக் கணக்கில் எடுப்பது எப்படி?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ராட்டன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் விட்டிங்டன் சென்டர் என்ற துப்பாக்கி சுடும் மைதானம் இருக்கிறது. சாங்ரே டி கிறிஸ்டோ மலைத்தொடரின் அடிவாரம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2000 மீட்டர் உயரம், நம் ஊட்டியைவிடக் கொஞ்சம் குறைவு. அங்கே 1123 கெஜத்தில், அதாவது 1027 மீட்டரில், காட்டெருமை உருவத்தில் வெட்டிய வெள்ளை இரும்புத் தகடு ஒன்று நிற்கிறது. ‘வெள்ளை எருமை’ என்றுதான் எல்லோரும் அதைச் சொல்வார்கள்.

நான் இருப்பது ஹூஸ்டனில். கடலோர ஊர், தரை ஒரே சமமாக இருக்கும். ஒரு டிசம்பரில் அங்கே என் 6.5 கிரீட்மோர் ரைஃபிளுக்கு, எந்தத் தூரத்துக்குக் குறியை எவ்வளவு ஏற்றுவது என்று குண்டின் பாதையைக் கணக்கிடும் கைப்பேசிச் செயலியில் அட்டவணை தயார் செய்தேன். வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ். அடுத்த ஜூலையில் அதே அட்டவணையோடு ராட்டன் போனேன். எருமைக்கு ஸ்கோப்பின் (ரைஃபிள் மேலுள்ள குறிநோக்கி) டயலில் 11 மில் ஏற்றிச் சுட்டேன். ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூன்று குண்டுகளும் அதன் முதுகுக்கு மேலே பறந்து பின்னாலிருந்த சரிவில் புழுதி கிளப்பின. ஸ்கோப் தளர்ந்துவிட்டதோ என்று திருகுகளை எல்லாம் சரிபார்த்தேன்.

பக்கத்து மேடையில் இருந்த பெரியவர் ஒருவர், “செயலியில் என்ன அழுத்தம் போட்டிருக்கிறீர்கள்?” என்று கேட்டார். காட்டினேன்: 1016 ஹெக்டோபாஸ்கல். தன் கைக்கருவியைத் திருப்பிக் காட்டினார்: 795. அந்த எண்ணைப் போட்டதும் செயலி 9.4 மில் என்றது. டயலைத் திருப்பிச் சுட்டேன். நாலரை விநாடி கழித்து இரும்பு அதிர்ந்த ஓசை வந்து சேர்ந்தது.

மலையில் வருகிற பெரும்பாலான தவறுகள் இந்த வகைதான். துப்பாக்கியும் கையும் சரியாக இருக்கும். உள்ளே போடுகிற காற்றுதான் வேறு ஊர்க் காற்றாக இருக்கும். நிற்கிற இடத்துக் காற்றை அங்கேயே அளந்து போடப் பழகிவிட்டால் பாதிக்கு மேல் சிக்கல் தீர்ந்துவிடும். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஒரே ரைஃபிளுக்கு: 140 கிரெயின் எடையுள்ள குண்டு, ஜி7 பி.சி. 0.315 (இது என்ன என்று படி 1இல் சொல்கிறேன்), குழல்வாய் வேகம் விநாடிக்கு 823 மீட்டர், 100 மீட்டரில் சீரோ, அதாவது எதுவும் ஏற்றாமலே குறி வைத்த இடத்தில் குண்டு படுகிற தூரம் அது. உங்கள் எண்கள் கொஞ்சம் மாறும், போக்கு மாறாது.

குண்டுக்கு என்ன நடக்கிறது?

குழலை விட்டு வெளியே வந்த குண்டைத் தடுப்பது அதன் முன்னால் இருக்கிற காற்றின் நிறைதான். கடல்மட்டத்தில் 15 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று 1.225 கிலோ. ராட்டனில் ஜூலை மதியம் 28 டிகிரி, அழுத்தம் 795 ஹெக்டோபாஸ்கல் என்றால் அதே கனமீட்டர் 0.92 கிலோதான். கால் பங்கு காணாமல் போய்விட்டது. தடை குறைகிறது, குண்டு வேகத்தை விடாமல் வைத்துக்கொள்கிறது, சீக்கிரம் போய்ச் சேருகிறது. போகிற நேரம் குறைந்தால் புவியீர்ப்பு அதை இழுக்கிற நேரமும் குறையும். அதனால் குண்டு மேலே படுகிறது.

எவ்வளவு மேலே என்பது தூரத்தைப் பொறுத்தது, அதுவும் வேகமாக வளர்கிறது. 300 மீட்டரில் இந்த இரண்டு காற்றுக்கும் உள்ள வேறுபாடு வெறும் 2 சென்டிமீட்டர். 600 மீட்டரில் 20 சென்டிமீட்டருக்கு மேல். 900 மீட்டரில் கடல்மட்டத்துக்கு 8.8 மில் ஏற்ற வேண்டும், ராட்டனில் 7.7 மில் போதும். இலக்கில் அது ஏறக்குறைய ஒரு மீட்டர். அந்த எருமையிடம் போனால் ஒன்றரை மீட்டரைத் தாண்டிவிடும். கிட்டத்தில் மட்டும் சுடுகிறவர்களுக்கு இந்தத் தலைவலியே வராததற்கும், தூரம் போனவர்கள் திடீரென்று திகைப்பதற்கும் காரணம் இதுதான்.

படி 1: மலைக்குப் போகும் முன்பே முடித்துவிட வேண்டியவை

காற்றைத் தவிர மற்ற எண்கள் எல்லாம் உறுதியாக இருந்தால்தான் காற்றின் பங்கைப் பிரித்துப் பார்க்க முடியும். முதலில் குழல்வாய் வேகம். தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கிற எண்ணை நம்ப வேண்டாம். அது வேறொரு குழலில் அளந்தது. குண்டின் வேகத்தை அளக்கும் டாப்ளர் ரேடார் வகை குரோனோகிராஃப் வைத்து, குறைந்தது பத்து குண்டு சுட்டுச் சராசரி எடுங்கள். அன்றைய வெப்பநிலையையும் கூடவே எழுதி வையுங்கள். அந்த எண் பின்னால் மிகவும் தேவைப்படும்.

அடுத்தது பி.சி., அதாவது குண்டு காற்றைக் கிழித்துப் போகிற திறனைச் சொல்லும் எண். பின்பக்கம் குறுகலான நீளக் குண்டுகளுக்கு ஜி7 அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜி1 என்பது தட்டையான பின்பக்கம் கொண்ட பழைய வடிவக் குண்டை வைத்து வந்தது. நீளக் குண்டுக்கு அதைப் போட்டால் வேகம் குறையக் குறைய எண்ணும் மாறிக்கொண்டே போகும்.

ஸ்கோப்பின் நடுக்கோடு குழலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் மேலே இருக்கிறது என்று அளந்து போடுங்கள். டயலில் 10 மில் ஏற்றினால் உண்மையாகவே 10 மில் ஏறுகிறதா என்று 100 மீட்டரில் உயரமான தாள் ஒன்றை ஒட்டிப் பாருங்கள். 100 மீட்டரில் 10 மில் என்பது சரியாக ஒரு மீட்டர்.

சீரோவைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள்: மலைக்குப் போனதும் மறுபடி சீரோ செய்ய வேண்டுமா? காற்றுக்காக என்றால் தேவையில்லை. 100 மீட்டர் சீரோவில் இந்த இரண்டு காற்றுக்கும் உள்ள வேறுபாடு 0.01 மில்தான், கண்ணுக்கே தெரியாது. ஆனால் பெட்டியில் குலுங்கிக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்த ஸ்கோப் அப்படியே இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்காக மூன்று குண்டு செலவழியுங்கள்.

படி 2: அழுத்தத்தை நிற்கிற இடத்தில் அளங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றழுத்தம் என்று இரண்டு எண்கள் உலவுகின்றன. ஒன்று, நீங்கள் நிற்கிற இடத்தில் உண்மையில் இருக்கிற அழுத்தம். இதை நிலைய அழுத்தம் என்பார்கள். இன்னொன்று, அதே அழுத்தத்தைக் கடல்மட்டத்தில் இருந்தால் எவ்வளவு இருக்கும் என்று மாற்றிச் சொல்வது. வானிலைச் செயலிகளும் தொலைக்காட்சியும் விமான நிலைய அறிக்கைகளும் தருவது இந்த இரண்டாவது எண்ணை. அதில் குற்றமில்லை. ஊர்களின் உயர வேறுபாட்டை நீக்கினால்தான் புயலும் மழையும் எங்கே நகர்கின்றன என்று வரைபடத்தில் ஒப்பிட முடியும். விமானிகளுக்கும் உயரமானியைச் சரிசெய்ய அந்த எண்தான் வேண்டும். குண்டுக்கு அது உதவாது. குண்டு பறப்பது நம் எதிரே இருக்கிற காற்றில்.

எது எந்த எண் என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. இயல்பான நாளில் 1500 மீட்டர் உயரத்தில் அழுத்தம் 845 ஹெக்டோபாஸ்கலை ஒட்டி இருக்கும். 2000 மீட்டரில் 795, 2500 மீட்டரில் 747, 3000 மீட்டரில் 701. இந்த நான்கையும் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மலை மேல் நின்றுகொண்டு 1000க்கு மேல் ஓர் எண்ணைப் பார்த்தால் அது கடல்மட்டத்துக்கு மாற்றிய எண், சந்தேகமே வேண்டாம். அமெரிக்கக் கருவிகள் பாதரச அங்குலத்தில் காட்டும். அங்கே 2000 மீட்டருக்கு 23.5 வரும், மாற்றிய எண் 30ஐ ஒட்டி வரும்.

கெஸ்ட்ரல் போன்ற கைக்கருவி இருந்தால் நிலைய அழுத்தம் நேராகக் கிடைக்கும். ஆனால் அந்தக் கருவியிலும் இரண்டு திரைகள் உண்டு: ஒன்றில் நிலைய அழுத்தம், இன்னொன்றில் நாம் கொடுத்த உயரத்தை வைத்து மாற்றிய அழுத்தம். எந்தத் திரையைப் பார்க்கிறீர்கள் என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை பாருங்கள். பல கைப்பேசிகளிலும் அழுத்த உணரி இருக்கிறது. அது காட்டுவதும் நிலைய அழுத்தம்தான், அவசரத்துக்கு நன்றாகவே உதவும்.

எதுவும் இல்லை என்றால் வரைபடத்திலோ ஜிபிஎஸ்ஸிலோ உயரத்தைப் பார்த்து, மேலே சொன்ன நான்கு எண்களுக்கு நடுவே கணித்துப் போடுங்கள். புயல் நாளாக இல்லாவிட்டால் பிழை 2 சதவீதத்தைத் தாண்டாது.

இப்போது செயலியின் பக்கம். சில செயலிகள் உயரத்தையும் அழுத்தத்தையும் சேர்த்துக் கேட்கும். அப்படிக் கேட்கிறபோது அது எதிர்பார்ப்பது பெரும்பாலும் கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தத்தை. நிலைய அழுத்தம் தருவதாக இருந்தால் அதற்கென்று ஒரு தேர்வு இருக்கும், அல்லது உயரத்தைச் சுழியமாக வைக்க வேண்டியிருக்கும். 2000 மீட்டர் உயரத்தையும் போட்டு, 795 அழுத்தத்தையும் போட்டுவிட்டால் செயலி இரண்டு தடவை கழித்துவிடும். நீங்கள் 3900 மீட்டரில் நிற்பதாக நினைத்துக்கொண்டு கணக்குப் போடும். 900 மீட்டரில் குண்டு அரை மில்லுக்கு மேல் தாழ்ந்து போகும். செயலியை முதன்முதலில் திறக்கும்போதே ஒரு சோதனை செய்து பாருங்கள்: 1013 அழுத்தம், 15 டிகிரி போட்டால் வருகிற விடையும், 795 அழுத்தம், 28 டிகிரி போட்டால் வருகிற விடையும் 900 மீட்டரில் ஏறக்குறைய ஒரு மில் விலகி இருக்க வேண்டும். இருந்தால் சரி.

ஒரே இடத்தில் வானிலை மாறுவதால் அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் ஏறி இறங்கினால் 900 மீட்டரில் அரை கிளிக் மாறும் (டயலின் ஒரு கிளிக் 0.1 மில்). அவ்வளவுதான். இடம் மாறும்போதுதான் அழுத்தம் விளையாடுகிறது. ஒரே இடத்தில் காலைக்கும் மதியத்துக்கும் நடுவே விளையாடுவது வெப்பநிலை.

படி 3: வெப்பநிலை — காற்றுக்கு ஒன்று, பவுடருக்கு ஒன்று

காற்றின் வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் அடர்த்தி சுமார் மூன்றரை சதவீதம் குறையும். கையாலேயே கணக்குப் போடலாம்: பாஸ்கலில் அழுத்தத்தை எடுத்து, 287ஆலும் கெல்வின் வெப்பநிலையாலும் (செல்சியஸோடு 273 கூட்டியது) வகுத்தால் அடர்த்தி. 79500ஐ 287 பெருக்கல் 301ஆல் வகுத்துப் பாருங்கள், முன்பு சொன்ன 0.92 கிலோ வந்துவிடும்.

ஒலியின் வேகமும் வெப்பநிலையோடு மாறுகிறது, அழுத்தத்தோடு மாறுவதில்லை. சுழிய டிகிரியில் விநாடிக்கு 331 மீட்டர், 15 டிகிரியில் 340. குண்டு படுகிற தடை அதன் வேகம் ஒலியைப் போல் எத்தனை மடங்கு என்பதைப் பொறுத்தது. அதனால்தான் வெப்பநிலையைத் தனியாகவும் அழுத்தத்தைத் தனியாகவும் செயலி கேட்கிறது.

மலைக்காலை மைனஸ் 5 டிகிரியில் தொடங்கி மதியம் 20க்குப் போவது அங்கே சாதாரணம். அந்த 25 டிகிரி, காற்றின் வழியாக மட்டும் 900 மீட்டரில் ஏறத்தாழ 0.2 மில் மாற்றுகிறது. அதே 25 டிகிரி, தோட்டாவுக்குள் எரிகிற வெடிமருந்தான பவுடரையும் மாற்றுகிறது. வெப்பத்துக்கு அசையும் பவுடர் ஒரு டிகிரிக்கு விநாடிக்கு அரை மீட்டர் போல வேகம் கூட்டும். 25 டிகிரிக்கு 12 மீட்டருக்கு மேல். 900 மீட்டரில் இன்னொரு கால் மில். இரண்டும் ஒரே பக்கம் சேருகின்றன: குளிரில் காற்றும் கனக்கிறது, குண்டும் மெதுவாகப் புறப்படுகிறது. மொத்தம் 40 சென்டிமீட்டர் தாழ்வு. காற்றை மட்டும் அளந்து பவுடரை மறந்தவர்கள் குளிர்காலையில் திணறுவது இதனால்தான்.

ஹாட்ஜ்டன் எச்4350 போல வெப்பத்துக்கு அதிகம் அசையாத பவுடர்கள் இருக்கின்றன. தோட்டாவை நீங்களே நிரப்புகிறவராக இருந்தால் மலைக்கு அப்படிப்பட்டதைத் தேர்ந்தெடுங்கள். கடையில் வாங்குகிறவராக இருந்தால் குளிர்நாள் ஒன்றிலும் வெயில் நாள் ஒன்றிலும் வேகத்தை அளந்து, இரண்டையும் செயலியின் வெப்பநிலை அட்டவணையில் போடுங்கள். இரண்டு புள்ளிகள் போதும்.

செயலி கேட்கிற பவுடர் வெப்பநிலை தோட்டாவின் வெப்பநிலை. காற்றின் வெப்பநிலையும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. காரின் முன்கண்ணாடிக்கு அடியில் கிடந்த தோட்டா கொதிக்கும். சட்டைப்பைக்குள் இருந்த தோட்டா உடம்புச் சூட்டில் இருக்கும். சூடான குழலுக்குள் தோட்டாவைத் தள்ளிவிட்டு, காற்று அடங்கட்டும் என்று இரண்டு நிமிடம் காத்திருந்தால் பவுடர் அதற்குள் சூடேறிவிடும். தோட்டாவை நிழலில் வையுங்கள். சுடப்போகும்போது மட்டும் உள்ளே ஏற்றுங்கள்.

கருவிக்கும் இதே கதைதான். வெயிலில் கிடந்த பாறை மேல் வைத்த கருவி பாறையின் சூட்டைத்தான் சொல்லும். நிழலில், உடம்பை விட்டுத் தள்ளி, காற்றோட்டத்தில் ஒரு நிமிடம் பிடித்த பிறகு படியுங்கள்.

படி 4: ஈரப்பதம்

ஈரக்காற்று கனமானது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. நீர் மூலக்கூறின் எடை 18, உலர்ந்த காற்றின் சராசரி 29. ஈரம் ஏறினால் காற்று லேசாகும். ஆனால் கடல்மட்டத்தில் 30 டிகிரியில் ஒரு துளி ஈரமில்லாத காற்றுக்கும் முழுக்க நனைந்த காற்றுக்கும் உள்ள வேறுபாடே 1.6 சதவீதம்தான். 900 மீட்டரில் ஒரு கிளிக்கைக்கூட எட்டாது. கருவி காட்டினால் போடுங்கள். இல்லாவிட்டால் 50 என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

படி 5: அடர்த்தி உயரத்தை வைத்து ஓர் அட்டை

அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் மூன்றையும் ஒரே எண்ணில் அடக்கலாம். இப்போது என் எதிரே இருக்கிற காற்று, இயல்பான நாளில் எந்த உயரத்தில் இருக்கும் காற்றுக்குச் சமம்? அதுதான் அடர்த்தி உயரம். விமானிகளிடமிருந்து வந்த பழக்கம். வெயில் நாளில் மலை விமான நிலையத்திலிருந்து மேலெழும்ப ஓடுபாதை போதுமா என்று அவர்கள் இதை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

கணக்கு எளிது. இயல்பான வெப்பநிலை கடல்மட்டத்தில் 15. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஆறரை டிகிரி குறையும். 2000 மீட்டரில் 2 டிகிரி. அன்று 28 டிகிரி என்றால் 26 டிகிரி அதிகம். ஒவ்வொரு டிகிரிக்கும் 36 மீட்டர் கூட்டினால் 936. ஆக, ராட்டனில் நிற்கிற நீங்கள் காற்றின் கணக்கில் 2900 மீட்டருக்கு மேல் நிற்கிறீர்கள்.

கைப்பேசியின் மின்கலம் குளிரில் சாகும், திரை வெயிலில் தெரியாது. அதனால் அட்டை ஒன்று வேண்டும். மேலே 1500, 2000, 2500, 3000, 3500 என்று அடர்த்தி உயரங்கள். பக்கவாட்டில் 300இலிருந்து 1000 வரை 50 மீட்டர் இடைவெளியில் தூரங்கள். செயலியை வைத்து வீட்டிலேயே கட்டங்களை நிரப்பி, தண்ணீர் படாத தாளில் அச்செடுத்து ரைஃபிளோடு கட்டிவிடுங்கள். 900 மீட்டரில் ஒவ்வொரு 300 மீட்டர் அடர்த்தி உயரத்துக்கும் சுமார் 0.1 மில் மாறும். ஆகவே இடைப்பட்ட எண்ணுக்கு மனக்கணக்கே போதும்.

அட்டையின் ஓரத்தில் இன்னொன்றும் எழுதுங்கள்: குண்டு எந்தத் தூரத்தில் ஒலிவேகத்தை நெருங்குகிறது என்று. ஒலியைப் போல் 1.2 மடங்குக்குக் கீழே வந்தால் குண்டின் போக்கை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. கடல்மட்டத்தில் இந்த ரைஃபிளுக்கு அது 1000 மீட்டரிலேயே வந்துவிடும். 2500 மீட்டர் உயரத்தில் 10 டிகிரியில் 1350 மீட்டர் வரை தள்ளிப்போகும். மலை நமக்குத் தருகிற நல்ல பரிசு இது.

படி 6: வீசும் காற்று

அடர்த்தியைக் கருவி சொல்லிவிடும். வீசுகிற காற்றை எந்தக் கருவியும் முழுதாகச் சொல்லாது. கருவி அளப்பது உங்கள் முகத்துக்கு முன்னால் இருக்கும் காற்றை. குண்டோ பள்ளத்தாக்கைத் தாண்டிப் போகிறது.

முதலில் நல்ல செய்தி. மெல்லிய காற்று குண்டைப் பக்கவாட்டில் குறைவாகவே தள்ளும். 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் இசிடோர் டிடியனின் சூத்திரம் இன்றும் அப்படியே நிற்கிறது: குண்டு உண்மையில் எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து, காற்றே இல்லாத வெற்றிடத்தில் எடுத்திருக்கும் நேரத்தைக் கழியுங்கள். மீதியைப் பக்கக்காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல். 900 மீட்டருக்குக் கடல்மட்டத்தில் அந்த மீதி 0.40 விநாடி. மலையில் 0.27. விநாடிக்கு 4 மீட்டர் பக்கக்காற்று என்றால் கடல்மட்டத்தில் 1.75 மில், மலையில் 1.2 மில். மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. கடற்கரை ஊரில் மனப்பாடம் செய்த காற்றுக்கணக்கை மலையில் அப்படியே பிடித்தால் மிகையாகவே ஒதுக்குவீர்கள்.

இதற்குள் ஒரு கண்ணி இருக்கிறது. புல் எவ்வளவு சாய்கிறது, கொடி எவ்வளவு தூக்குகிறது என்று பார்த்துத்தானே வேகத்தை ஊகிக்கிறோம்? காற்று புல்லைத் தள்ளுகிற விசையும் அடர்த்தியைப் பொறுத்தது. கால் பங்கு மெலிந்த காற்றில் அதே சாய்வு வர, வேகம் 15 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். கீழே பழகிய கண்ணுக்கு மலைக்காற்று உண்மையைவிட மெதுவாகத் தெரியும். முதல் நாள் முழுக்கக் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்தப் புல் இப்படிச் சாய்ந்தால் இத்தனை மீட்டர் என்று கண்ணை மறுபடி பழக்குங்கள்.

மலைக்காற்றுக்கு ஒரு நாள்முறை உண்டு. இரவில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் வழிந்து கீழே இறங்கும். விடிந்து வெயில் பட்டதும் சரிவு சூடாகி, காற்று மேலேறத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே, காலையில் சிறிது நேரம் ஒன்றுமே அசையாது. கடினமான சுடுதல்களுக்கு அந்த நேரத்தைப் பிடியுங்கள். கிழக்கு பார்த்த சரிவு முதலில் விழிக்கும், மேற்கு பார்த்தது பிறகு. அதனால் ஒரே பள்ளத்தாக்கின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் எதிரெதிராக வீசுவதைப் பார்க்கலாம். ராட்டன் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடியுடன் மழை வரும். அதற்கு முன்னால் வீசும் காற்றுக்கு எந்த ஒழுங்கும் கிடையாது. இடி கேட்டால் கணக்கைப் போடாதீர்கள், ரைஃபிளை மூட்டை கட்டுங்கள்.

மேலேறும் காற்றுதான் மலைக்கே உரிய தொல்லை. சமவெளியில் காற்று இடமும் வலமும்தான் தள்ளும். சரிவில் மோதி எழுகிற காற்று குண்டைத் தூக்கும். டிடியன் கணக்கு இதற்கும் பொருந்தும்: விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வழி முழுக்க எழும்பும் காற்று, 900 மீட்டரில் 27 சென்டிமீட்டர், அதாவது 0.3 மில் தூக்கிவிடும். உண்மையில் அது வழியின் ஒரு பகுதியில்தான் இருக்கும். விளைவும் அதற்கேற்பக் குறையும். முகட்டு விளிம்பில் நின்று, காற்று எதிரிலிருந்து முகத்தில் அடிக்கும்போது சுட்டால் குண்டு மேலே படுகிறதா என்று குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரே இடத்தில் நான்கைந்து முறை பார்த்தால் அந்த இடத்தின் குணம் புரியும்.

இலக்கை நோக்கிய வழியை மூன்றாகப் பிரித்துப் படியுங்கள். என் பக்கத்தில் கருவி. நடுவில் மரங்களின் உச்சி, பறக்கும் தூசி, வட்டமிடும் பருந்து. இலக்கின் பக்கத்தில் புல்லும் கானலும். பள்ளத்தாக்கைத் தாண்டும்போது குண்டு தரைக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் மேலே போகும். அங்கே அடையாளம் காட்ட எதுவுமே இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் நான் முகட்டுக்கு மேலே நகரும் மேகத் துணுக்குகளைப் பார்த்து, தரைக்காற்றுக்கும் அதற்கும் நடுவே ஓர் எண்ணை எடுத்துக்கொள்கிறேன். துல்லியம் இல்லை. ஆனால் தரைக்காற்றை மட்டும் நம்புவதைவிட அதிகம் பலித்திருக்கிறது. மூன்று பகுதியில் எனக்கு அருகில் இருப்பதற்கு அதிக எடை தருவேன். தொடக்கத்தில் கிடைத்த விலகல் வழி முழுக்க வளர்ந்துகொண்டே போகும்.

படி 7: மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் சுடும்போது

சரிவில் மேலே சுட்டாலும் கீழே சுட்டாலும் ஏற்ற வேண்டிய மில் குறையும். கிடைத்த மில்லைக் கோணத்தின் கொசைனால் பெருக்குங்கள். 20 டிகிரிக்கு 0.94, 30 டிகிரிக்கு 0.87. 7.7 மில் என்றால் 30 டிகிரியில் 6.7. தூரத்தைச் சுருக்கி அட்டையில் பார்ப்பதைவிட மில்லைச் சுருக்குவது தொலைவில் சரியாக வரும். பக்கக்காற்றுக்கு மட்டும் சாய்ந்த முழுத் தூரத்தையே எடுங்கள், அந்தக் காற்றுக்குள்தான் குண்டு முழுக்கப் போகிறது.

படி 8: சிறியவை

வலப்பக்க முறுக்குக் குழலில் குண்டின் சுழற்சி 900 மீட்டரில் 15 சென்டிமீட்டர் போல வலப்பக்கம் நகர்த்தும். பூமியின் சுழற்சி நியூ மெக்சிகோவின் அட்சரேகையில் 5 சென்டிமீட்டர். பக்கக்காற்று சிறிது உயரத்தையும் மாற்றும்: வலமிருந்து வந்தால் இடமும் மேலும், இடமிருந்து வந்தால் வலமும் கீழும். மூன்றையும் செயலியிடம் விட்டுவிடுங்கள். 700 மீட்டருக்குள் நான் இவற்றை எண்ணுவதில்லை.

படி 9: எண்களைச் சுட்டுச் சரிபார்ப்பது

எல்லாம் போட்ட பிறகு முதலில் 500, 600 மீட்டரில் சுட்டுப் பாருங்கள். உயரம் விலகினால் வேகத்தைத் திருத்துங்கள், அதுவும் விநாடிக்கு நாலைந்து மீட்டருக்குள். அதற்கு மேல் திருத்த வேண்டி வந்தால் நிறுத்திவிட்டு இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். அழுத்தம் தவறாக இருக்கும்போது பி.சி.யைக் கூட்டியும் குறைத்தும் அன்றைய இலக்கை அடித்துவிடலாம். அடுத்த ஊருக்குப் போனதும் அந்தத் தவறு இரட்டிப்பாகத் திரும்பி வரும். ராட்டனில் அந்தப் பெரியவர் கேட்டிருக்காவிட்டால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்; பி.சி.யைக் கூட்டத் தொடங்கியிருந்தேன். இப்போதெல்லாம் சுடுவதற்கு முன் நிலைய அழுத்தம், காற்றின் வெப்பநிலை, தோட்டாவின் வெப்பநிலை மூன்றையும் குறிப்பேட்டில் எழுதிய பிறகுதான் டயலைத் தொடுகிறேன். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது வெப்பநிலை 5 டிகிரி நகர்ந்ததும், மறுபடி அளக்கிறேன்.

இந்தக் கணக்கை நான் இரும்பின் மேல் மட்டுமே பயன்படுத்துகிறேன். மேலே எழும் காற்றைப் பற்றிச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று 20 சென்டிமீட்டர் தூக்கிவிடும் இடத்தில், உயிருள்ள ஒன்றை 900 மீட்டரிலிருந்து சுடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரும்பு தப்பினால் புழுதி எழும். விலங்கு தப்பாமல் பாதி பட்டால் அது பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் கிடந்து துடிக்கும், போய்ச் சேரவே நமக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் மலைக்காற்றோடு சேர்த்துப் பாருங்கள். மெல்லிய காற்றில் தப்பிய குண்டு சமவெளியில் போவதைவிட வெகுதூரம் போகும். இலக்குக்குப் பின்னால் குறைந்தது சில மீட்டர் உயரத்துக்கு மண் சரிவு தெரிய வேண்டும். உங்கள் எண் முழுக்கத் தவறாக இருந்து ஒன்றரை மீட்டர் மேலே போனாலும் குண்டு அந்த மண்ணில் விழ வேண்டும். வானத்தைப் பின்னணியாகக் கொண்டு முகட்டில் நிற்கிற எதையும் சுடாதீர்கள், அது எவ்வளவு அழகான இலக்காக இருந்தாலும்.